தொண்ணூறு டிகிரி

ஜூலை 3

நாளைக் காலை ஏழு மணிக்கு ஆபரேஷன். வலது முழங்கால். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்கிறார்கள். வளையல், தோடு எல்லாம் கழற்றியாயிற்று. படிக்க எதுவும் எடுத்து வராததால் இந்த நோட்டு. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவள் நான். கை சும்மா இருந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வீட்டுக்காரர் வந்தார். மூன்று இடத்தில் போட்டுவிட்டு, பேனாவை நர்ஸிடம் கொடுத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "வெளிய பெஞ்சுலதான் இருப்பேன்" என்றார். ஜன்னலிடம் ஏன் சொல்கிறார் என்று நர்ஸ் விழித்தாள். எங்களுக்குள் பதினாறு வருடமாக நேர்ப் பேச்சு கிடையாது. அடிதடி ஒன்றும் இல்லை. ஒரே வீடு, ஒரே சமையல். சொல்ல வேண்டியதைப் பொதுவாகக் காற்றில் விடுவோம், மற்றவர் பிடித்துக்கொள்வார். மகள் மணிமொழி வீட்டில் இருந்தவரை அவள் வழியாகப் போய் வந்தது. அவள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு பிரிட்ஜ், டி.வி., ஜன்னல்.

ஜூலை 5

வலி.

ஜூலை 6

வாக்கர் பிடித்து எட்டு அடி நடந்தேன். மயக்கம் வந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டு என்னைவிட நன்றாக நடக்கிறாள். பிடிக்கவில்லை.

ஜூலை 8

வீட்டுக்கு வந்தாயிற்று. எங்கள் வீடு மாடியில். கீழே குடித்தனம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கினார்கள்: ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர், கீழ்வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர். பதினைந்து படி, ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். கட்டிய நாளிலிருந்து அந்தப் படிகளை நான் வலியில்லாமல் ஏறியது இன்றுதான்.

பத்தாவது படியில் ஆம்புலன்ஸ்காரர் மூச்சு வாங்க நின்றார். "யாருங்க இந்தப் படியக் கட்டுனது? மலைக்கோட்டைல ஏறுனாக்கூட இப்புடி வாங்கல."

வீட்டுக்காரர் நாற்காலியின் பின்காலைப் பிடித்திருந்தார். பிடியை மாற்றிக்கொண்டார். நான் மீதிப் படிகளை எண்ணினேன்.

ஜூலை 9

பிசியோதெரபிஸ்ட் வந்தாள். பெயர் ஜெனோவா. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கையில் நீளமான இரண்டு பட்டை வைத்த கோணமானி. எனக்கு அதைப் பார்த்ததும் பாதி தைரியம் வந்தது. முழங்காலை மடக்கி அளந்தாள். 48 டிகிரி.

"ஆறு வாரத்துல தொண்ணூறு வந்தாகணும் ஆன்ட்டி. ஆகஸ்ட் பதினாலு டாக்டர் பாப்பாரு. வரலேன்னா திரும்ப தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போயி, மயக்கம் குடுத்து, அவரே மடக்கி விடுவாரு."

"தொண்ணூறு வரலேன்னா என்ன? நேரா வெச்சுக்கிட்டு இருந்துடறேன்" என்றேன்.

"இந்தப் படி எறங்கவே முடியாது ஆன்ட்டி. மாடியிலயே இருந்துக்க வேண்டியதுதான்."

வாரத்தில் மூன்று நாள் அவள் வருவாள். மற்ற நாட்களில் வீட்டில் ஒருவர் மடக்கிவிட வேண்டும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிக் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் என்னை உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். "ஆன்ட்டி போதும்னு சொன்ன ஒடனே நிறுத்திடணும் அங்கிள். அவங்க வாயத்தான் நீங்க நம்பணும்."

அவர் தலையாட்டினார். இதில் ஒரு சிக்கல் இருப்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

ஜூலை 10

காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர், கை இரும்பு மாதிரி இருக்கும். தள்ளினார். ஐம்பது வரை பொறுத்தேன். ஐம்பத்தைந்து இருக்கும்போது கண்ணில் பூச்சி பறந்தது. அவர் என் வார்த்தைக்குக் காத்திருந்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. அதை அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதினாறு வருடத்தை இந்தக் காலுக்காக விட்டுக்கொடுப்பதா என்று தோன்றியது. வார்த்தை வராததால் இன்னும் தாங்குவேன் என்று நினைத்து அவர் மேலும் தள்ளினார். உள்ளே ஏதோ பிசகிய மாதிரி இருந்தது.

இன்று 60 வந்திருக்கும். அளக்கவில்லை.

ஜூலை 11

முழங்கால் பூசணிக்காய். நீலம் பாரித்திருக்கிறது.

ஜூலை 12

ஜெனோவா பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "தையல் பிரிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க அங்கிள்? ஆன்ட்டி, நீங்க சொல்லலையா?"

அவர் கதவைப் பார்த்து, "சொல்லல" என்றார்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களா? எத்தன நாளா?"

"பதினாறு" என்றேன்.

"பதினாறு நாளாவா!"

"வருஷம்."

சிரித்துவிட்டாள். யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டாள். பிறகு என் மேஜையில் இருந்த மர ஸ்கேலை எடுத்துக் கையில் கொடுத்தாள். வலி தாங்காவிட்டால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அவர் நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன் நான்கு நாள் மடக்கவே கூடாது, ஐஸ் மட்டும். நான்கு நாள் வீண். தப்பு என்னுடையதுதான். அவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பழக்கம் அவருக்கு இன்னும் இருப்பது எனக்குத் தெரியாது.

ஜூலை 16

மறுபடி ஆரம்பம். இப்போது அவர் பயந்துவிட்டார். கண்ணாடி டம்ளரைப் பிடிப்பதுபோல் கணுக்காலைப் பிடிக்கிறார். ஸ்கேலை நான் தூக்குவதற்கு முன்பே விட்டுவிடுகிறார். 57.

சமையலும் அவர்தான். இன்று பிரிட்ஜைப் பார்த்து, "பெருங்காயம் எங்க இருக்குன்னு தெரியல" என்றார். நான் காலண்டரைப் பார்த்து, "ரெண்டாவது தட்டு, மஞ்ச டப்பா" என்றேன். ரசம் பரவாயில்லை. புளி அதிகம்.

ஜூலை 18

மருத்துவமனை நர்ஸ் வீட்டுக்கே வந்து தையல் பின்களைப் பிடுங்கினாள். இருபத்து நான்கு. தழும்பு கோடு நேராக இல்லை, கீழே இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் ஓடுகிறது. டாக்டரிடம் சொல்ல முடியாது.

ஜூலை 21

59. முன்னறையில் வாக்கருடன் நாற்பது நடை. மாடிப்படி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் படியைப் பற்றி எழுதி வைக்கிறேன். இந்த வீட்டின் வரைபடத்தை நான்தான் போட்டேன். அலுவலகத்தில் எத்தனையோ பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போட்டிருக்கிறேன், சொந்தமாகப் போட்டது இது ஒன்றுதான். தரையிலிருந்து மாடிக்குப் பத்தடி. ஆறு அங்குல உயரத்தில் பத்துப் படி, நடுவில் ஒரு திரும்புமேடை, மறுபடி பத்துப் படி. குழந்தையும் ஏறலாம், எழுபது வயதுக்காரரும் ஏறலாம்.

படி கட்டும் சமயம் எனக்குப் புதுக்கோட்டையில் ஏரி மதகு வேலை, எட்டு நாள் முகாம். திரும்பி வந்து பார்த்தால் கான்கிரீட் போட்டு முடித்து, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை. ஒரே ஓட்டமாகப் பதினைந்து படி. வாஸ்துக்காரர் ஒருவர் வந்து, படி ஒற்றைப்படையில்தான் முடிய வேண்டும், இருபது ஆகாது என்றிருக்கிறார். கூடவே, இரண்டு ஓட்டம் இல்லாமல் ஒரே ஓட்டமாக வைத்தால் பக்கத்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்கும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார்.

என்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், மேடையையும் ஒரு படியாக எண்ணிக்கொள்ளுங்கள், இருபத்தொன்று என்று சொல்லியிருப்பேன்.

ஜூலை 25

63.

ஜூலை 27

படி மாறிப்போன கதையை ஜெனோவாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். மத்தியானம் அவள் கேட்டாள். "படியாலதான் பேசறதில்லையா ஆன்ட்டி?"

படியால் இல்லை. படிக்காக ஒரு வாரம் சண்டை போட்டேன், முடிந்தது. இது கிரகப்பிரவேசத்தன்று நடந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். உதவி செயற்பொறியாளர் அருணகிரி சாரும் வந்தார். ஒன்பதாவது படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்ன பொற்கொடி, இந்தப் படி உங்க டிராயிங்கா?" என்றார்.

வீட்டுக்காரர் மேலே மோர்த் தட்டுடன் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆமா சார், வீடு முழுக்க அவதான் போட்டா. நான் ஒண்ணுலயும் தலையிடல" என்றார்.

பதினோரு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வீட்டு விசேஷத்தில் சிரிக்கும் சிரிப்புதான். அடுத்த மாதம் ஒரு பள்ளிக் கட்டடத்தின் படிக்கட்டு வரைபடத்தை எனக்கு அடுத்த மேஜைக்குக் கொடுத்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி யோசித்தேன்.

அங்கேயே, "இல்லை சார், என் டிராயிங்கில் ஆறு அங்குலம்" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கட்டின புருஷனைப் பொய்யனாக்கக் கூடாது என்று வாயை மூடினேன். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். மூடின வாய் அவரிடம் மட்டும் திறக்கவே இல்லை. அவரும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஜெனோவாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஆமாம்மா, படியாலதான்" என்றேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. கீழ்வீட்டிலிருந்து புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம். பெருங்காயம் சரியாகப் போட்ட புளியோதரை சாப்பிட்டு ஒரு மாதமாகிறது.

மணிமொழி போன் செய்தாள். "எழுபத்திரண்டுலயே நிக்குதாமே?" என்றாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"அப்பாதான். தெனமும் போன் பண்ணி டிகிரி சொல்றாரும்மா. நேத்து அழற மாதிரி இருந்துச்சு. நீ ஒரு வார்த்த பேசினா என்னம்மா? நானும் எத்தன வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால் தூக்குனேன்."

கரன்ட் போய்விட்டது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். கரன்ட் இருந்தது.

ஆகஸ்ட் 6

73. இன்னும் எட்டு நாளில் பதினேழு டிகிரி வேண்டும். ஜெனோவா வரும் நாட்களில் ஏறுகிறது. அவர் மடக்கும் நாட்களில் அப்படியே நிற்கிறது. இன்று கவனித்துப் பார்த்தேன். அவர் முழங்காலைப் பார்ப்பதே இல்லை, என் முகத்தைப் பார்க்கிறார். நான் பல்லைக் கடித்தால் உடனே கை தளர்ந்துவிடுகிறது. ஸ்கேலுக்கு வேலையே இல்லை.

திரும்ப மயக்க ஊசி போட்டுக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. போன தடவை விழித்தபோது என் பெயர் ஞாபகம் வரச் சற்று நேரமாயிற்று.

ஆகஸ்ட் 7

இன்று அவர் வந்து உட்கார்ந்ததும் பெரிய துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவருக்குப் புரிய வேண்டுமே என்று ஸ்கேலைத் தூக்கிக் காட்டினேன். பிறகு தள்ள ஆரம்பித்தார். முகம் தெரியாததால் தைரியமாகத் தள்ளினார். நானும் யாரும் பார்க்காததால் தைரியமாக அழுதேன். ஸ்கேலால் தட்டியதும் சட்டென்று நிறுத்தினார்.

ஜெனோவா விட்டுப் போயிருந்த கோணமானியை வைத்து நானே அளந்தேன். 78.

ஆகஸ்ட் 9

81. துண்டு நனைந்துவிடுகிறது, வேர்வை என்று கொடியில் போட்டேன். அதை அவர் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். அவர் துண்டு துவைத்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13

85. நாளை டாக்டர்.

ஆகஸ்ட் 14

ஐந்து டிகிரி குறைவாக வைத்துக்கொண்டே போனேன்.

முதலில் படி. ஜெனோவா சொல்லிக் கொடுத்தபடி, இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், பிறகு நல்ல கால். அவர் எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினார். இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார், தொடவில்லை. பதினைந்து படிக்குப் பதினோரு நிமிடம். நான் விழுந்தால் அவரும் சேர்ந்து விழுந்திருப்பார். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

டாக்டர் அறைக்குள் ஒரே சமயத்தில் நாலைந்து பேரை உட்கார வைக்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு ஆளும் அவர் மனைவியும், பின்னால் கையில் எக்ஸ்ரேயுடன் ஒருவர், ஒரு நர்ஸ். டாக்டர் மடக்கினார். 86.

"பார்டர்ல நிக்கிறீங்களேம்மா. தியேட்டர்ல ஒரு டேட் போட்டுரலாமா?" என்றார். "வீடு கீழயா, மாடியா? எப்படி எறங்கி வந்தீங்க?"

"மாடி. நடந்துதான் எறங்கினேன்."

"பரவால்லையே. படி சின்னதா?"

நான் வாயைத் திறந்தேன். எட்டு அங்குலம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"எட்டு இன்ச் சார்" என்றது வீட்டுக்காரர் குரல். எழுந்து நின்றிருந்தார். "அவங்க டிராயிங்ல ஆறு இன்ச்தான் போட்டிருந்தாங்க. பிடபிள்யூடில அவங்கதான் டிராயிங் எல்லாம். அவங்க ஊர்ல இல்லாதப்ப நான்தான் மேஸ்திரிகிட்டச் சொல்லி மாத்தினேன். கேட்டவங்ககிட்ட அவங்க போட்டதுன்னு சொல்லிட்டேன். அவங்க போட்டது இல்ல சார். தப்பு என்னுது."

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "எட்டு இன்ச்சையே எறங்கிட்டாங்கன்னா நல்லாத்தான் இருக்கு. பத்து நாள் டைம் தர்றேன், பாப்போம். மாத்திரை இதே கன்டினியூ பண்ணுங்க. அடுத்து யாரு?"

எக்ஸ்ரேக்காரர் எழுந்து என் நாற்காலிக்கு வந்துவிட்டார். நர்ஸ் கோப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அறையில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "கால் ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 15

வலி கொஞ்சம். 86. இன்று துண்டு எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தள்ளினார், ஆனால் நிறுத்தவில்லை. பேச்சு எதுவும் இல்லை. பதினாறு வருடத்துக்குப் பிறகு எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 'சாப்பிட்டீங்களா' என்றால் சினிமா மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 19

88. பரணிலிருந்து என் வரைபலகையை இறக்கி வைத்திருக்கிறார், கேட்காமலே. டி-ஸ்கொயரில் கரப்பான் முட்டை. துடைத்தேன்.

ஆகஸ்ட் 22

91. ஜெனோவா இரண்டு தடவை அளந்தாள். மூன்றாவது தடவை நான் அளந்தேன். அவளுக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அடுப்படிக்குள் போய் மணிமொழிக்குப் போன் செய்தார். குரலைத் தணித்துத்தான் பேசினார், கேட்டது.

ஆகஸ்ட் 24

டாக்டர் 92 என்றார். தியேட்டர் வேண்டாம். அடுத்தது மூன்று மாதம் கழித்து வந்தால் போதும்.

திரும்பி வரும்போது கீழேயே நின்று படியைப் பார்த்தேன். அவர் வாசல் கேட்டைப் பார்த்து, "ஸ்கூட்டரு தெருவுல நிக்கட்டும். எதுக்கு நெழல்ல நிக்கணும்" என்றார்.

ஆகஸ்ட் 27

காலை ஏழு மணிக்கே கைத்தடியுடன் இறங்கினேன். ஆறு நிமிடம். அவர் பின்னாலேயே பழைய துணி டேப்புடன் வந்தார். மாடிப்படிக்கும் மதிலுக்கும் நடுவில் அகலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். மேடை வைத்து இரண்டு ஓட்டமாகப் புதுப் படி கட்ட ஆறு அடியாவது வேண்டும்.

நான் ஒரு கையில் தடியும் மறு கையில் டேப்பின் முனையுமாக மதிலோரம் நின்றேன். அவர் அந்தப் பக்கம் குனிந்து படித்தார்.

"ஆறு அடி மூணே கால்" என்று சுவரிடம் சொன்னார்.

டேப் நடுவில் வயிறு போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி அளந்துதான் பாதிக் கட்டடம் கோணலாகிறது.

"தொய்யுது பாருங்க," என்றேன் அவரிடம். "இழுத்துப் பிடிங்க."

அவர் தலையைத் தூக்கவில்லை. டேப்பை இழுத்துப் பிடித்தார். இரண்டு தடவை படித்தார்.

"மூணு" என்றார். "ஆறு அடி மூணு, பொற்கொடி."

எழுதிக்கொண்டேன்.